இட்லிப் பொடி விற்க 22,000 ரூபாய் 'லைசென்ஸ் பேக்கேஜ்' வேண்டுமா?

கேள்வி: நத்தம் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டில் இட்லிப் பொடி, ரசப் பொடி, அப்பளம் செய்து தெருவில் விற்று வந்தேன். இப்போது இரண்டு மளிகைக் கடைகளில் பாக்கெட் போட்டுத் தரச் சொல்கிறார்கள். பெங்களூரில் என் மகளின் தோழிகளும் கேட்கிறார்கள். "எஃப்எஸ்எஸ்ஏஐ, உதயம், ஜிஎஸ்டி, டிரேட்மார்க், ஐஎஸ்ஓ எல்லாம் சேர்த்து 22,000 ரூபாய். இல்லாவிட்டால் சீல் வைத்துவிடுவார்கள். மானியக் கடனும் வாங்கித் தருகிறேன்" என்கிறார் ஒருவர். 2,000 ரூபாய் முன்பணமும் ஆதார், பான் நகல்களும் கொடுத்துவிட்டேன். உண்மையில் எது வேண்டும்?

பதில்: முதலில், மீதி 20,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள்.

நீங்கள் விற்பனையைப் பெருக்கும் முன் கையில் இருக்க வேண்டியது உணவுப் பாதுகாப்புப் பதிவு. எஃப்எஸ்எஸ்ஏஐ என்று அவர் சொல்வது இதைத்தான். ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய் வரை உள்ளவர்களை 2011 விதிகள் சிறு உணவு வணிகர் என்று வகுத்தன. மாதம் ஒரு லட்சத்துக்கு நீங்கள் பொடி விற்கப்போவதில்லை. ஆகவே உங்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை, பதிவு போதும். கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். ஃபாஸ்காஸ் என்ற அரசுத் தளத்தில் புகைப்படமும் அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் வைத்து விண்ணப்பிக்கலாம். கணினி பழக்கம் இல்லையென்றால் பக்கத்துப் பொதுச் சேவை மையத்தில் உட்கார்ந்து செய்துகொள்ளுங்கள். 7 நாளில் பதிவு தர வேண்டும், அல்லது காரணம் சொல்லி மறுக்க வேண்டும், அல்லது ஆய்வுக்கு வருகிறோம் என்று சொல்ல வேண்டும். இது சட்டம். அலுவலகத்தில் 'அடுத்த வாரம் பாருங்கள்' என்பது வேறு கதை.

இங்கேதான் தரகர்களின் கைவரிசை. விண்ணப்பத்தில் கைபேசி எண் கேட்கும் இடத்தில் உங்கள் எண்ணைப் போடாமல் தங்கள் எண்ணைப் போட்டுவிடுவார்கள். அப்புறம் ஓடிபி எல்லாம் அவர்களுக்குத்தான் போகும். முகவரி மாற்றக்கூட நீங்கள் அவர்கள் வாசலில்தான் நிற்க வேண்டும், ஒவ்வொரு முறையும் ஒரு தொகை. யார் பதிவு செய்து கொடுத்தாலும் ஓடிபி உங்கள் போனில் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். இன்னொன்று, சான்றிதழில் தொழில் வகை என்னவென்று போட்டிருக்கிறது? நீங்கள் தயாரிப்பாளர். சீக்கிரம் முடியட்டும் என்று 'சில்லறை விற்பனை' என்று மட்டும் டிக் செய்துவிட்டால் அந்தத் தாள் உங்களுக்கு உதவாது.

கட்டணத்தை 100 ரூபாய் என்று வைக்கத் தெரிந்த அரசுக்கு அந்தத் தளத்தைக் கண்டுபிடிக்கும் வழியைச் சுலபமாக்கத் தெரியவில்லை. கூகுளில் தேடினால் அரசு முத்திரை மாதிரியே ஒன்றை ஒட்டிக்கொண்டு தனியார் விளம்பரங்கள் முன்னால் வந்து நிற்கின்றன. தளத்தின் முகவரி gov.in என்று முடியாவிட்டால் மூடிவிடுங்கள். உதயம் என்ற சிறுதொழில் பதிவுக்கும் இதே விதிதான். அது முழுக்க இலவசம். ஆதாரும் பானும் இருந்தால் போதும். அதற்குப் புதுப்பித்தல் என்பதே கிடையாது. 'உங்கள் உதயம் காலாவதி ஆகப்போகிறது' என்று போன் வந்தால் பேசாமல் வைத்துவிடுங்கள்.

ஐஎஸ்ஓ என்ற தரச் சான்று உங்களுக்கு வேண்டாம். டிரேட்மார்க், அதாவது உங்கள் பொருளின் பெயரைப் பிறர் பயன்படுத்தாதபடி பதிவது, நல்லதுதான், ஆனால் தனிநபர் இணையத்தில் விண்ணப்பித்தால் ஒரு பொருள் வகுப்புக்கு 4,500 ரூபாய் ஆகும். பெயர் நாலு ஊரில் ஓடட்டும், பிறகு பார்க்கலாம்.

பேக்கேஜில் அவர் சொல்லாமல் விட்ட ஒன்று உங்களுக்கு உண்மையிலேயே வேண்டும். பாக்கெட் போட்டு விற்கிறவர் எடையளவுச் சட்டப்படி பொட்டலமிடுபவராகப் பதிய வேண்டும். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை இதைப் பார்க்கிறது. கட்டணம் 500 ரூபாய், பொட்டலமிடத் தொடங்கி 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். எலெக்ட்ரானிக் தராசுக்கும் ஆண்டுதோறும் முத்திரை போட வேண்டும். மளிகைக் கடைக்காரர் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் லேபிளால்தான். அதில் இவை இருக்க வேண்டும்: பெயர், முகவரி, 14 இலக்க உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், நிகர எடை, எல்லா வரியும் சேர்த்த எம்ஆர்பி, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், சைவ உணவு என்று காட்டும் பச்சைப் புள்ளி, புகார் சொல்ல ஒரு போன் எண், சேர்பொருள்கள் அதிக எடையிலிருந்து இறங்குவரிசையில். இட்லிப் பொடியில் கூட்டுப் பெருங்காயம் போடுகிறீர்களா? அந்த டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். பலவற்றில் கோதுமை மாவு சேர்ந்திருக்கும். அப்படியென்றால் உங்கள் லேபிளிலும் 'கோதுமை உள்ளது' என்று வர வேண்டும். அடுப்புக்கு வீட்டு சிலிண்டரைப் பயன்படுத்தாதீர்கள், 19 கிலோ வணிக சிலிண்டர் வாங்குங்கள்.

சரி, ஜிஎஸ்டி. பொருள் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் வரை பதிவு தேவையில்லை. உள்ளூர்க் கடைகளுக்கு மட்டும் கொடுத்தால் இதோடு விஷயம் முடிந்தது. உங்கள் சிக்கல் பெங்களூரு. வரி உள்ள பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால் 40 லட்சக் கணக்கெல்லாம் கிடையாது, ஒரு பாக்கெட் என்றாலும் பதிவு வேண்டும். இட்லிப் பொடியும் ரசப் பொடியும் வரி உள்ளவை. நீங்கள் கூரியரில் அனுப்பி, தோழிகள் ஜிபேயில் பணம் போட்டால் அது வெளிமாநில விற்பனை. அதே தோழி நத்தம் வந்து, உங்கள் வாசலில் காசு கொடுத்து, தன் பையில் போட்டுக்கொண்டு போனால் உள்ளூர் விற்பனை. அப்பளத்துக்கு வரியே இல்லை; அப்பளம் மட்டுமே விற்பவர் எந்த மாநிலத்துக்கு அனுப்பினாலும் பதிவு வேண்டாம். நீங்கள் பொடியை உள்ளூரில் மட்டும் விற்று, பெங்களூருக்கு அப்பளத்தை மட்டும் அனுப்பினாலும் பதிவு வேண்டாம்; பொடியை அனுப்பினால்தான் வேண்டும். மகளுக்குச் சும்மா கொடுத்தனுப்பும் டப்பாவை யாரும் கேட்க மாட்டார்கள். மாதம் பத்துப் பாக்கெட்டுக்காக ஜிஎஸ்டி எடுத்தால், விற்பனை இல்லாத காலத்துக்கும் ரிட்டர்ன் என்ற வரிக் கணக்கைப் போட வேண்டும், தாமதமானால் நாளுக்கு 20 ரூபாய் தண்டம். என் யோசனை, பெங்களூரை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள்.

கடனைத் தருவது வங்கி, தரகர் இல்லை. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமத்துப் பெண்களுக்குத் திட்டச் செலவில் 35 சதவீதம் மானியம் உண்டு. ஆனால் அது கைக்கு வராது. மூன்று ஆண்டு வங்கியிலேயே வைப்பாகக் கிடக்கும். மேலும் அது புதுத் தொழிலுக்கானது. அதனால் கடன் எண்ணம் இருந்தால், கடைகளுக்குச் சரக்கு போடும் முன்பே திண்டுக்கல் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய்ப் பேசிவிடுங்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது.

கடைசியாக, நீங்கள் கொடுத்த நகல்கள். எனக்கு 2,000 ரூபாயைவிட இதுதான் கவலை. அடுத்தவர் பானில் ஜிஎஸ்டி எண் எடுத்து, அதில் போலி பில் போடும் கூட்டம் இருக்கிறது. ஜிஎஸ்டி தளத்தில் பான் எண்ணைக் கொடுத்துத் தேடும் வசதி உண்டு, லாகின் வேண்டாம். இன்றைக்கே தேடுங்கள், அடுத்த சில மாதங்களுக்கு அவ்வப்போதும் பாருங்கள். நீங்கள் எடுக்காத எண் ஏதாவது உங்கள் பெயரில் வந்தால், அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு வணிகவரி அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு சைபர் குற்றப் புகாருக்கான 1930 எண்ணுக்கும் சொல்லிவிடுங்கள்.