கரி விளைந்த மலையில் காற்றாலைகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நிலக்கரிச் சுரங்கங்களை மூடிய பகுதிகளில் காற்றாலைகளை நிறுவினால், வேலை இழந்த தொழிலாளர்களுக்கு அதே அளவு வேலை திரும்பக் கிடைக்குமா? வெளிநாடுகளில் என்ன நடந்தது?
– வாசகர் ஒருவர், நெய்வேலி

பதில்: கிடைக்காது. நம்பிக்கையூட்டும் பதிலைத் தரவே மனம் விரும்புகிறது. ஆனால் சுரங்க ஊரிலிருந்து கேட்பவரிடம் பூசி மெழுகுவது முறையாகாது. பிரிட்டனின் தெற்கு வேல்ஸில் 1920-இல் 2,50,000-க்கும் மேற்பட்டோர் நிலக்கரிச் சுரங்கங்களில் உழைத்தனர். இன்று அதே பள்ளத்தாக்குகளுக்கு மேலே, நீத் நகருக்கும் அபர்டேருக்கும் இடைப்பட்ட மேட்டு நிலத்தில், 76 காற்றாலைகள் சுழல்கின்றன. ‘பென் அ கமோய்த்’ என்ற அந்த மின் நிலையத்தின் பெயருக்கு வேல்ஸ் மொழியில் ‘பள்ளத்தாக்குகளின் தலைமாடு’ என்று பொருள். 2017-இல் முறைப்படி திறக்கப்பட்ட அதன் நிறுவுதிறன் 228 மெகாவாட். பாதை போடவும் அடித்தளம் அமைக்கவும் நிறையப் பேர் தேவைப்பட்டார்கள்; இறக்கைகள் சுழலத் தொடங்கிய பிறகு, பராமரிப்புக்கு மிகச் சிலரே போதும். கரியை நாள்தோறும் ஆள் இறங்கி வெட்டியாக வேண்டும். காற்று தானாகவே வந்துவிடுகிறது.

அந்தக் கரிக்காகத் தெற்கு வேல்ஸ் மக்கள் கொடுத்த விலையையும் மறந்துவிடக் கூடாது. 1913-இல் செங்கெனித் சுரங்க வெடிப்பில் 439 தொழிலாளர்கள் மாண்டனர். 1966-இல் அபர்வானில், மலைச்சரிவில் கொட்டி வைத்திருந்த சுரங்கக் கழிவுக் குவியல் மழைநீரில் ஊறிச் சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியதில் 144 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் 116 பேர் குழந்தைகள்.

கேள்வி: வேலை இல்லையென்றால் ஊருக்கு வேறென்ன பயன்?
– அதே வாசகர்

பதில்: பணம் வருகிறது. நீத், ஆவன், ரோந்தா, கனன் ஆகிய நான்கு பள்ளத்தாக்குகளின் மேற்பகுதி ஊர்களுக்காக, ஆண்டுக்கு 18 லட்சம் பவுண்டு என்ற அளவில், விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தப்பட்டு, 2043 வரை ஒரு சமூக நிதி வழங்கப்படுகிறது. அதைப் பகிர்ந்தளிப்பது காற்றாலை நிறுவனம் அன்று. இதற்கென்றே தனியாக அமைந்த ஒரு சமூக அமைப்புதான். இந்த ஏற்பாட்டை நான் மனமாரப் பாராட்டுகிறேன். என்றாலும் நிதி வேறு, உடைமை வேறு. அந்த மின் நிலையம் ஸ்வீடன் அரசுக்குச் சொந்தமான வாட்டன்ஃபால் நிறுவனத்துடையது. ஆகவே லாபம் கடல் கடந்து போகிறது.

இந்த வேறுபாட்டை அப்பகுதி மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அருகிலுள்ள ஹிர்வைனின் டவர் சுரங்கம் ஆதாயம் தராது என்று 1994-இல் மூடப்பட்டபோது, டைரோன் ஓசல்லிவன் தலைமையில் 239 தொழிலாளர்கள், கையில் கிடைத்த ஈட்டுத்தொகையிலிருந்து ஆளுக்கு 8,000 பவுண்டு போட்டு அதை விலைக்கு வாங்கினார்கள். 1995 ஜனவரியில் மீண்டும் திறந்து, 2008-இல் கரி தீரும்வரை தாங்களே நடத்தினார்கள். ஆழத்தில் கிடந்த கரிக்கு உரிமையாளர்களாக இருக்க முடிந்தவர்களுக்குத் தலைக்கு மேல் வீசும் காற்றிலும் பங்கு இருந்திருக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன். சுரங்க ஊர்களில் காற்றாலைத் திட்டம் வரும்போது, ‘எத்தனை பேருக்கு வேலை’ என்பதோடு ‘எங்களுக்கு எத்தனை பங்கு’ என்றும், ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

கேள்வி: காற்றாலைகளால் அந்த மலை கெடவில்லையா?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: அந்த மேட்டு நிலத்தில் பல இடங்களில் ‘பீட்’ என்னும் சதுப்பு மண் இருக்கிறது. மக்காத பாசியும் செடிகளும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து உண்டான இந்த மண், புதையுண்டு முதிர்ந்தால்தான் பழுப்பு நிலக்கரி உருவாகும். அதைத் தோண்டிப் பாதை போட்டால் உள்ளே அடங்கியுள்ள கரிமம் வெளியேறும் என்பது நியாயமான கவலையே. ஆனால் இங்கே பழைய கேடு ஒன்று முன்பே நடந்திருந்தது: இருபதாம் நூற்றாண்டில் ஊசியிலை மரங்களை நடுவதற்காகக் கால்வாய் வெட்டி அந்தச் சதுப்பை வடித்திருந்தார்கள். காற்றாலைத் திட்டத்தோடு சேர்த்து, சில பகுதிகளில் மரங்களை அகற்றி, கால்வாய்களை அடைத்து, நீர் மீண்டும் தேங்கும்படி செய்து வருகிறார்கள். நீர் தங்கினால் பாசி திரும்ப வளரத் தொடங்கும்.