ஆசிரியர் இல்லாத பத்திரிகை – கடிதம்

அன்புள்ள சார்,

குன்னூர் கூட்டத்தில் அமெரிக்காவின் பெர்க்லி நகரத்து ‘ஸ்லிங்ஷாட்’ பத்திரிகையைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டீர்கள். எங்களுக்கு அதுதான் மனதில் நின்றது. கோத்தகிரிப் பக்கம் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு பத்திரிகை கொண்டுவர இருக்கிறோம். பச்சைத் தேயிலை விலை, தோட்டத்தை விற்றுவிட்டுக் கீழே இறங்கிப் போகிறவர்கள், ஓடையை மறித்துக் கட்டும் காட்டேஜ்கள், இவைதான் பொருள். ஆசிரியர் என்று யாரும் கிடையாது, எல்லாரும் கூடித்தான் முடிவெடுப்பது என்று பேசி வைத்திருக்கிறோம். முதல் இதழ் வருவதற்குள்ளேயே சண்டை வந்துவிட்டது. ஆசிரியர் இல்லாமல் ஒரு பத்திரிகை முப்பது வருஷத்துக்கு மேல் எப்படி ஓடுகிறது? காசு எங்கிருந்து வருகிறது? போலீஸ் வந்தால் யார் பதில் சொல்வது?

அன்புடன்,
ர., கோத்தகிரி

அன்புள்ள ர.,

காசுக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கொள்கைச் சண்டையில் உடைந்தது என்று சொல்லப்படும் பல பத்திரிகைகளின் கதையைக் கிளறினால் அடியில் அச்சகப் பாக்கி கிடக்கும்.

பெர்க்லியிலேயே இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1965இல் மாக்ஸ் ஷெர் என்பவர் ‘பெர்க்லி பார்ப்’ என்ற வார இதழைத் தொடங்கினார். வியட்நாம் போர் எதிர்ப்பு, மாணவர் போராட்டம் என்று அந்தக் காலத்தின் சூடெல்லாம் அதில் இருந்தது. உழைத்தவர்களுக்குக் கிடைத்தது சொற்பம். ஷெர் நன்றாகவே சம்பாதிக்கிறார் என்று தெரியவந்ததும் 1969இல் ஊழியர்கள் கொதித்துப்போய் வெளியேறி, ‘பெர்க்லி டிரைப்’ என்று தாங்களே கூட்டாக ஒன்றை ஆரம்பித்தார்கள். முதலாளி இல்லை. 1972இல் அது நின்றுபோயிற்று. பார்ப் 1980 வரை ஓடியது, ஆனால் பிற்பாடு அதைத் தாங்கியது பெருமளவு பாலியல் விளம்பரங்கள். அவற்றை 1978இல் தனிப் பத்திரிகையாகப் பிரித்தார்கள். அப்புறம் பார்ப் இரண்டு வருஷம்தான் தாங்கியது. முதலாளி இருந்ததும் போயிற்று, இல்லாததும் போயிற்று.

ஸ்லிங்ஷாட் அதே ஊரில் 1988இல் பல்கலைக்கழக மாணவர்களால் தொடங்கப்பட்டது. யாருக்கும் சம்பளம் கிடையாது. அந்த வட்டாரத்தில் பத்திரிகை இலவசம், சிறையில் இருப்பவர்கள் கேட்டால் தபாலிலும் இலவசமாகப் போகும். அப்படியென்றால் அச்சுக்கூலி? 1990களின் நடுவில் அவர்கள் ஒரு நாட்குறிப்பு போடத் தொடங்கினார்கள். ‘ஆர்கனைசர்’ என்று பெயர். சட்டைப் பையில் போடும் அளவில் ஒன்று, சுருள் கம்பி கோத்த பெரியது ஒன்று. பக்கங்கள் பல பேர் கையால் வரைந்தவை, ஒரு பக்கத்துக் கையெழுத்து அடுத்த பக்கத்தில் இராது. தேதிகளுக்குக் கீழே, அந்த நாளில் உலகில் எங்கோ நடந்த வேலைநிறுத்தம், கலகம், கைது என்று ஒரு வரி இருக்கும். பின்னால் பல நாடுகளில் உள்ள மாற்றுப் புத்தகக் கடைகள், கூடுமிடங்களின் முகவரிகள். மாதவிடாய் நாள் குறிக்க ஓர் அட்டவணைகூட உண்டு. மீதியெல்லாம் வெற்றுக் கட்டம், பல் டாக்டரைப் பார்க்கப் போகும் நேரத்தை எழுதிவைக்க. புரட்சியில் நம்பிக்கை இல்லாதவருக்கும் நாட்குறிப்பு வேண்டும், வருஷாவருஷம் வேண்டும். அது விற்ற காசில் பத்திரிகை அச்சாகிறது.

ஸ்லிங்ஷாட்டின் வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். அவர்களுடைய அரசியல் கட்டுரைகளில் பாதியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் பத்திரிகையில் என்ன எழுதுகிறோம் என்பதற்கும் காசு வருவதற்கும் நடுவில் ஒரு சுவர் எழுப்பினார்களே, அதைச் சொல்ல வேண்டும். உங்கள் நிலையை யோசித்துப் பாருங்கள். கோத்தகிரியில் ஒரு பத்திரிகைக்கு யார் விளம்பரம் தருவார்கள்? காட்டேஜ்காரர், ரியல் எஸ்டேட்காரர், பாக்டரிக்காரர். நீங்கள் எழுதப்போவதும் அவர்களைப் பற்றித்தான்.

ஐரோப்பாவில் வேறு வழி கண்டவர்களும் உண்டு. பெர்லினில் 1979இல் வந்த ‘டாட்ஸ்’ நாளிதழ் எல்லாருக்கும் ஒரே சம்பளம் என்று தொடங்கி, தத்தளித்து, 1992இல் வாசகர்களையே பங்குதாரர்களாக்கிக் கூட்டுறவுச் சங்கமாக மாறியது. கூட்டுறவு என்றால் என்ன என்று நீலகிரிச் சிறுவிவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, இன்ட்கோ கூட்டுறவுத் தேயிலை பாக்டரிக்கு இலை போட்டவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் அதற்கு ஆயிரக்கணக்கில் வாசகர்கள் வேண்டும். உங்களுக்கு இப்போதைக்கு அது வேண்டாம்.

சரி, ஆசிரியர் விஷயம். ஸ்லிங்ஷாட்டில் எந்தக் கட்டுரை போவது என்பதைக் குழுதான் கூடி முடிவு செய்கிறது. கத்தரியும் பசையுமாகப் பக்கம் ஒட்டுவது அவர்கள் பழக்கம். யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்று வாயால் சொல்வதோடு விடுவதில்லை. புதியவர்களுக்கான கூட்டம் என்றைக்கு, அடுத்த இதழுக்குக் கட்டுரை தரக் கடைசி நாள் எது என்று இதழிலேயே அச்சிடுகிறார்கள். செய்தவர்கள் பெயர் வரிசையும் இருக்கும், அதில் பலது புனைபெயர். விலை என்ன என்றால், தரம் ஏறி இறங்கும். ஒரு இதழ் பிரமாதமாக இருக்கும், அடுத்தது கல்லூரி ஆண்டுமலர் மாதிரி.

உங்கள் சண்டை எதைப் பற்றி என்று எழுதவில்லை. ஆனால் ஜோ ஃப்ரீமன் என்ற அமெரிக்கப் பெண்ணியச் செயல்பாட்டாளர் 1970லேயே சொன்னது ஒன்று இருக்கிறது. தலைவர் இல்லை, அமைப்பு இல்லை என்று அறிவித்துக்கொள்ளும் குழுவிலும் அதிகாரம் இருக்கத்தான் செய்யும், நட்பு வட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளும், அதனால் அதை யாரும் கேள்வி கேட்கவும் முடியாது என்றார். யார் கையில் சாவி, யார் கையில் கணக்கு, அச்சகத்துக்கு யார் போன் செய்வது என்பதையெல்லாம் எழுதி ஒட்டிவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கை மாற்றுங்கள். டீ வாங்கி வருவதும் கூட்டக் குறிப்பு எழுதுவதும் எப்போதும் பெண்கள் தலையில் விழுகிறதா என்றும் பாருங்கள்.

போலீஸ். 2008 ஆகஸ்ட் 27 அன்று, ஸ்லிங்ஷாட் அப்போது இயங்கிய லாங் ஹால் என்ற பொது இடத்தில் பல்கலைக்கழகப் போலீசும் எஃப்.பி.ஐ.யும் சோதனை போட்டன. விலங்குகளை வைத்து ஆராய்ச்சி செய்பவர்களுக்கு அங்கிருந்து மிரட்டல் மின்னஞ்சல் போனது என்பது காரணம். யாரும் வந்து உட்காரலாம் என்று வைத்திருந்த கணினிகளோடு, பூட்டிய அறையில் இருந்த பத்திரிகைக் கணினிகளையும் அள்ளிக்கொண்டு போனார்கள். பத்திரிகைகளின் ஆவணங்களைப் பாதுகாக்க 1980இல் வந்த சட்டத்தைக் காட்டி லாங் ஹால்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2012இல் 1,00,000 டாலர் தருவதாகச் சமரசம் ஆயிற்று. ஸ்லிங்ஷாட் ஒரு பத்திரிகைதான், அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு அதற்கு உண்டு என்று பல்கலைக்கழகப் போலீசும் ஒப்புக்கொண்டது.

நம் ஊரில் அந்தக் கதையை நம்பி இறங்காதீர்கள். இங்கே சட்டத்துக்கு ஒரு பெயர் வேண்டும். 1908இல் ‘இந்தியா’ பத்திரிகை மீது ராஜத்துரோக வழக்கு வந்தபோது, பத்திரிகையை நடத்தியது பாரதி, சிறைக்குப் போனது ஆவணத்தில் பெயர் இருந்த எம். சீனிவாசன். பாரதி புதுச்சேரி போய்ச் சேர்ந்தார். 1867ஆம் வருஷத்து அச்சுச் சட்டம் போய், 2023இல் இயற்றிய புதிய சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதிலும் பதிவு செய்யும் பத்திரிகைக்கு ஆசிரியர் என்று ஒருவரைக் காட்டியாக வேண்டும். சிற்றிதழ்க்காரர்கள் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று போட்டுக் காலம் தள்ளினார்கள். பஸ் ஸ்டாண்ட் கடையில் தொங்கவிட்டு விற்பதற்கு அந்த வரி துணைக்கு வராது. ஆகவே உங்களில் ஒருவர் பெயர் அச்சாகும். அவர் யார், வழக்கு வந்தால் மற்றவர்கள் என்ன செய்வீர்கள், செலவு யாருடையது என்று இப்போதே பேசி எழுதி வையுங்கள். அரசு வேலைக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருப்பவர் பெயரைப் போடாதீர்கள்.

பத்திரிகைக்கு முன்னால் ஒரு காலண்டர் போடுங்கள் என்பது என் யோசனை. ஹெத்தையம்மன் பண்டிகை, ஊட்டி மலர்க்காட்சி, மேட்டுப்பாளையம் கடைசி பஸ் எல்லாம் அதில் இருக்கட்டும். அக்டோபர் 30க்குக் கீழே, 1964இல், இலங்கை மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான நாள் என்று ஒரு வரி. அப்படித் திரும்பி வந்தவர்கள் இருக்கும் கூடலூர்ப் பக்கம் அந்த ஒரு வரிக்காகவே வாங்குவார்கள். ஒவ்வொரு மாதத் தாளிலும் போட்ட கொழுந்து எத்தனை கிலோ, தேயிலை வாரியம் அறிவித்த சராசரி விலை என்ன, பாக்டரி கொடுத்தது என்ன என்று மூன்று கட்டம் விடுங்கள். வருஷ முடிவில் அந்தத் தாள்களைத் திரும்ப வாங்கிப் பார்த்தீர்களென்றால் உங்கள் முதல் கட்டுரை தானாக வந்துவிடும்.

தினசரி கிழிக்கிற காலண்டர் வேண்டாம், செலவு அதிகம். பன்னிரண்டு தாளே போதும். சிவகாசியில் அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் ஆடிப்பெருக்கு அன்று வெளியாகும், ஆர்டர் எடுப்பதும் அன்றே தொடங்கிவிடும். படங்களையும் வரிகளையும் ஆனிக்குள் முடித்துக்கொண்டு விலை விசாரியுங்கள். கொட்டேஷன் வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.