வாய் எரிச்சல் உள்ளவர்களுக்கு மென்மையான பற்பசையை வீட்டில் செய்ய முடியுமா?

முடியும். அம்மாவுக்காக நான் செய்திருக்கிறேன். எதைச் சேர்ப்பது என்பதற்கு முன்னால், எதையெல்லாம் விடுவது என்று பார்க்க வேண்டும்.

எங்கள் ஊர் குத்தாலம். அம்மாவுக்கு மாதம் தவறாமல் வாய்ப்புண் வரும். ரசம் சாதம்கூட எரியும். பல் தேய்த்துவிட்டு வரும்போது கண்ணில் தண்ணீர் நிற்கும். "பேஸ்டே வேண்டாம்பா, பழையபடி உமிக்கரி போட்டுக்கிறேன்" என்றார். காவிரிக் கரையில் உமிக்கா பஞ்சம்? ஆனால் நான் விடவில்லை. உமி எரிந்த சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. பேஸ்டிலும் சிலிக்கா உண்டு, அது பொடியின் அளவு பார்த்து மென்மையாகத் தயாரித்தது. வீட்டில் இடித்த உமிக்கரி அப்படியில்லை. ஈறு இறங்கி வேர் தெரிகிற வயதில் அது பல்லின் கழுத்தை அராவிவிடும். செங்கல் தூளும் உப்பும் அதே கதைதான்.

அம்மாவின் பேஸ்ட் அட்டையைப் படித்துப் பார்த்தேன். சோடியம் லாரில் சல்ஃபேட் இருந்தது. நுரை வருவதற்காகச் சேர்ப்பது. வாயின் உள்தோலைக் காக்கும் வழுவழுப்பான படலத்தை அது கரைக்கும். சிலருக்கு வாய்ப்புண் அடிக்கடி வர இது ஒரு காரணம். அடுத்தது வாசனை: புதினா, லவங்கப்பட்டை, கிராம்பு எண்ணெய். புண்பட்ட வாயில் மூன்றுமே எரியும். கிராம்பு நல்லதுதானே என்று எண்ணெயை அப்படியே விடாதீர்கள்.

நான் செய்தது 50 கிராம் அளவு: மருந்துத் தரக் கால்சியம் கார்பனேட் பொடி 18 கிராம், கிளிசரின் 14 கிராம், கொதித்து ஆறிய தண்ணீர் 17 கிராம், பசையைக் கெட்டியாக்கும் சாந்தன் பிசின் அரை கிராம். பிசினை முதலில் கிளிசரினில் குழைத்துவிட்டு அப்புறம் தண்ணீர் ஊற்றுங்கள். நேராகத் தண்ணீரில் போட்டால் கட்டி கட்டியாக நிற்கும். கடைசியில் பொடி. நுரையும் இல்லை, வாசனையும் இல்லை. கெடாமல் காக்கும் மருந்து சேர்க்கவில்லை என்பதால் ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுவோம். ஈரக் கையோ பிரஷ்ஷோ டப்பாவுக்குள் போகக் கூடாது, தனிக் கரண்டி வையுங்கள்.

முக்கியமாக ஒன்று. கால்சியம் கார்பனேட் என்றதும் வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்துவிடாதீர்கள். அது கால்சியம் ஹைட்ராக்சைடு, கடுமையான காரம், வாயை வெந்துபோகச் செய்யும்.

இந்தப் பசையில் ஃப்ளோரைடு கிடையாது. 1000 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு ஃப்ளோரைடு வர, 100 கிராம் பசைக்குச் சோடியம் மோனோஃப்ளோரோபாஸ்பேட் என்கிற ஃப்ளோரைடு உப்பு 0.76 கிராம்தான் வேண்டும். சமையலறைத் தராசை நம்பி அதை நிறுக்க நான் துணியமாட்டேன். ஃப்ளோரைடு இல்லாவிட்டால் சொத்தையைத் தடுக்கும் வேலை நடக்காது. அதனால் அம்மாவுக்குக் காலையில் இது, இரவில் லாரில் சல்ஃபேட் இல்லாத ஃப்ளோரைடு பேஸ்ட். அட்டையைப் படித்து வாங்கினால் கடையிலேயே கிடைக்கும். இரண்டு மாதத்தில் புண் வருவது நன்றாகக் குறைந்தது. ரசத்துக்கு இப்போது முகம் சுளிப்பதில்லை.

பல் கூச்சம் வேறு விஷயம். பச்சைத் தண்ணீர் பட்டால் சுரீர் என்கிறதா? அதற்குப் பொட்டாசியம் நைட்ரேட் 5 சதவீதம் உள்ள பேஸ்டைத் தினமும் இரண்டு வேளை தேய்க்க வேண்டும். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நாலு நாளில் சலித்து விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

நம் பக்கம் வெற்றிலை பாக்கு போடும் பெரியவர்கள் நிறைய. பாக்கு மெல்லும் பழக்கம் இருந்து, காரம் பட்டாலே எரிகிறது, வாயை முன்போல அகலத் திறக்க முடியவில்லை என்றால் அது பேஸ்டால் வந்தது என்று இருந்துவிடாதீர்கள். பாக்கு வாயின் உள்தோலை நாராக இறுக்கிவிடும், புற்றாகவும் மாறலாம். இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணும் அப்படித்தான். பேஸ்டை மாற்றிப் பார்த்து நேரத்தைக் கடத்தாமல் பல் மருத்துவரிடம் கூட்டிப் போய்விடுங்கள்.