27 எச்.பி. மினி டிராக்டரில் லோடர் (முன்னால் மாட்டும் அள்ளும் பக்கெட்) போட்டு எரு, மணல் அள்ளும்போது பின்சக்கரம் தூக்குகிறது. டயரில் தண்ணீர் ஏற்றினால் போதுமா, தனியாக வெயிட் மாட்ட வேண்டுமா?

தண்ணீர் மட்டும் போதாது. பின்பக்கம் தூக்குவதை அது ஓரளவு அடக்கும். ஆனால் முன் ஆக்ஸில் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் பாரத்தில் ஒரு கிலோகூடக் குறைக்காது. அதைக் குறைக்க, பின் ஆக்ஸிலுக்கும் பின்னால், கருவிகளை மாட்டும் த்ரீ பாயிண்ட் லிங்கேஜில் (கீழே இரண்டு, மேலே ஒன்று என மூன்று கைகள்) எடை தொங்க வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். டிராக்டர், லோடர், ஓட்டுபவர் எல்லாம் சேர்த்து 1000 கிலோ என்று வையுங்கள். காலி பக்கெட்டோடு நிற்கும்போது முன்னால் 520, பின்னால் 480. முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடையே 1.56 மீட்டர். பக்கெட்டில் 300 கிலோ மணல், அது முன் ஆக்ஸிலுக்கு 1.3 மீட்டர் முன்னால். கடப்பாறை போட்டு நெம்புவது போலத்தான் இது, முன் ஆக்ஸில்தான் நெம்புகல். 300 × 1.3 ÷ 1.56 = 250. அதாவது பின்சக்கரத்திலிருந்து 250 கிலோ காணாமல் போகிறது. மீதி 230. முன்னால் 520 + 300 + 250 = 1070.

இப்போது இரண்டு பின்டயரிலும் சேர்த்து 150 லிட்டர் தண்ணீர் ஏற்றுகிறோம். பின்னால் 380 ஆகிறது. முன்னால்? அதே 1070. எடை பின் ஆக்ஸிலுக்கு நேராகவே இருப்பதால் முன்பக்கத்தை நெம்ப அதற்குக் கை நீளமில்லை. இரும்பு வீல் வெயிட் மாட்டினாலும் இதே கதைதான்.

தண்ணீரை விட்டுவிட்டு, பின் ஆக்ஸிலுக்கு 0.9 மீட்டர் பின்னால் 300 கிலோ தொங்கவிட்டால்: 300 × 0.9 ÷ 1.56 = 173. முன்னால் 1070 போய் 897 ஆகிறது. பின்னால் 230 + 300 + 173 = 703. உங்கள் வண்டியில் எண்கள் கொஞ்சம் மாறும், போக்கு மாறாது.

முன் ஆக்ஸிலைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை என்றால், ஃபோர் வீல் டிரைவ் மினி டிராக்டரில் பழுது ஆரம்பிப்பதே அங்கேதான். குவியலில் பக்கெட்டைக் குத்தி நெம்பும்போது பின்சக்கரம் லேசாகிச் சுற்றும். இழுவை முழுவதும் முன் டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரிக்கும் கியர் பெட்டி) வழியாக, முன் ஹப்பிலுள்ள பெவல் கியர் வழியாகப் போகும். முதலில் சீல் கசியும், சக்கரத்துக்கு உள்பக்கம் எண்ணெயும் மண்ணும் சேர்ந்து கறுப்பாகப் படியும். அதைப் பார்த்தும் ஓட்டினால் அடுத்தது பேரிங், கியர். டூ வீல் டிரைவ் வண்டி என்றால் முன் ஆக்ஸில் இந்த வேலைக்கே செய்யப்பட்டதல்ல. அதில் லோடரை உலர்ந்த எருவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

உயிருக்கு ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. முன் ஆக்ஸில் நடுவில் ஒரே பின்னில் ஆடும்படிதான் பொருத்தப்பட்டிருக்கும். பக்கவாட்டில் சாயாமல் வண்டியைப் பிடித்து நிற்பவை இரண்டு பின்சக்கரங்கள்தான். அவை லேசானால் ஒரு சின்னக் குழி போதும், வண்டி பக்கவாட்டில் சாயும். பிரேக்கும் பெரும்பாலான மினி டிராக்டர்களில் பின்சக்கரத்துக்கு மட்டுமே. சரிவில் சுமையோடு முன்னோக்கி இறங்கும்போது பின்பக்கம் எழுந்தால் பிரேக் மிதிப்பதற்கு அர்த்தமே இல்லை. அதனால் லோடர் வேலையில் ஃபோர் வீல் டிரைவ் எப்போதும் போட்டிருக்கட்டும். முன்சக்கரமும் என்ஜினோடு இணைந்து வேகத்தைப் பிடிக்கும். உழவுக்காகத் தனித்தனியாக விட்ட இடது, வலது பிரேக் பெடல்களைச் சேர்த்துப் பூட்டுங்கள். வண்டி கவிழ்ந்தால் காக்கும் ரோல் பார் இருந்தால் நிமிர்த்தி வைத்து சீட் பெல்ட் போடுங்கள்.

எவ்வளவு எடை வேண்டும்? முதலில் பக்கெட்டில் எவ்வளவு ஏறுகிறது என்று தெரிய வேண்டும். 200 லிட்டர் பக்கெட்டில் உலர்ந்த தொழு எரு 100 கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். அதே எரு மழையில் ஊறினால் இரண்டு மடங்கைத் தொடும். உலர்ந்த மணல் 320 கிலோ, ஈர மணலைக் கும்பாரமாக அள்ளினால் 400 தாண்டும். நேற்று தூக்காத பின்பக்கம் இன்று தூக்குவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். லோடரோடு கொடுத்த கையேட்டில் பின்வெயிட் எவ்வளவு என்று போட்டிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் எடைமேடைக்குப் போங்கள். பக்கெட்டில் நீங்கள் அள்ளும் மிகக் கனமான சுமையோடு, பக்கெட்டைத் தாழ்வாக வைத்து, முதலில் முழு வண்டியையும், பிறகு பின்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தியும் எடை போடுங்கள். மேடையும் தரையும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். மொத்தத்தில் கால் பங்காவது பின்னால் இருக்க வேண்டும், மூன்றில் ஒரு பங்கு இருந்தால் நிம்மதி. மேலே போட்ட கணக்கில் வெயிட் இல்லாமல் 1300-க்கு 230, அதாவது 18 சதவீதம். சமதளத்தில் நகரும், குழியில் தூக்கும்.

எடைமேடைக்குப் போகும் முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. முன் பம்பரில் வெயிட் தட்டுகள் மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். ரொட்டவேட்டர் தூக்கும்போது முன்பக்கம் எழாமலிருக்கப் போட்டவை அவை. லோடர் வேலையில் அவையே எதிரி. லோடர் மாட்டிய எத்தனையோ வண்டிகள் இன்னமும் அந்தத் தட்டுகளோடுதான் ஓடுகின்றன.

பின்னால் எதை மாட்டலாம்? கையில் ரொட்டவேட்டர் இருந்தால் அதுவே போதும். நாலடி ரொட்டவேட்டர் 250 கிலோ அளவுக்கு வரும். என்ஜின் சக்தியைக் கருவிக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. ஷாஃப்டைக் கழற்றி வைத்துவிடுங்கள். சங்கடம் என்னவென்றால், மாட்டுக் கொட்டகைக்குள் திரும்பும்போது அதன் அகலம் தூணில் இடிக்கும். மினி டிராக்டருக்கான கொத்துக் கலப்பை நீளம்தான் அதிகம், எடை பத்தாது. பிளாஸ்டிக் டிரம்மில் பாதித் தண்ணீர் ஊற்றிக் கட்டுவது வேண்டாம். திருப்பத்தில் தண்ணீர் அலையடித்து வண்டியை ஆட்டும். பின்னால் ஆளை ஏற்றி நிறுத்துவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். அவர் எடை 60, 70 கிலோ. பின்பக்கம் தூக்கி விழும்போது முதலில் கீழே போய்ச் சக்கரத்தடியில் சிக்குபவர் அவர்தான்.

தினமும் லோடர் வேலை இருந்தால் கான்கிரீட் வெயிட் வார்த்துக்கொள்வது மலிவு, இடமும் அடைக்காது. 200 லிட்டர் இரும்பு டிரம்மை 50 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டினால் சுமார் 125 லிட்டர் கொள்ளும். கான்கிரீட் நிரப்பினால் 300 கிலோ. முழு டிரம்மையும் நிரப்பிவிட வேண்டாம், 480 கிலோ ஆகிவிடும். இந்த அளவு வண்டிகளின் ஹைட்ராலிக் பெரும்பாலும் 750 கிலோ தூக்கும் என்பது உண்மைதான். ஆனால் குண்டும் குழியுமான இடத்தில் நாள் முழுக்க 480 கிலோவைத் தொங்கவிட்டால் லிஃப்ட் ஆர்மும் பின் ஆக்ஸில் பேரிங்கும் சீக்கிரம் தேயும். ஒரு எச்சரிக்கை: தின்னர், பெயின்ட், எண்ணெய் இருந்த டிரம்மை கேஸ் கட்டிங் செய்யவோ வெல்டிங் வைக்கவோ கூடாது, உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும். அப்படிப்பட்ட டிரம்மை எடுக்கவே வேண்டாம்.

அடியிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரத்தில், நடுவிலிருந்து டிராக்டர் பக்கம் சற்று தள்ளி, ஒரு கனமான இரும்பு ஷாஃப்டைக் குறுக்கே செலுத்துங்கள். கேட்டகரி 1 அளவு லிங்கேஜ் என்றால் ஷாஃப்டின் இரு முனையும் 22 மில்லிமீட்டருக்கு லேத்தில் கடையப்பட வேண்டும், தோளுக்குத் தோள் 68 சென்டிமீட்டர். குறுகலான லிங்கேஜ் வைத்த மினி டிராக்டர்களும் இருப்பதால் உங்கள் லோயர் லிங்க்கை (கீழே உள்ள இரண்டு கைகளை) அளந்துவிட்டே பட்டறைக்குப் போங்கள். மேல் கையான டாப் லிங்க்குக்கு 50-க்கு 10 மில்லிமீட்டர் பட்டை இரண்டை அந்த ஷாஃப்டோடு வெல்டு வைத்து நிமிர்த்துங்கள். லோயர் பின்னிலிருந்து 46 சென்டிமீட்டர் உயரத்தில் 19 மில்லிமீட்டர் பின்னுக்கு ஓட்டை. 12 மில்லிமீட்டர் கம்பியில் கூடு கட்டி அதையும் ஷாஃப்டோடு வெல்டு செய்யுங்கள். பாரத்தைத் தாங்க வேண்டியது ஷாஃப்டும் கூடும்தான். டிரம் தகட்டை நம்பினால் ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்து ஓட்டை பெரிதாகிவிடும். அடியில் 10 சென்டிமீட்டர் சேனல் துண்டு இரண்டை வெல்டு வைத்தால், தரையில் நிற்கும்போது லிங்க் எட்டும், மாட்டுவது சுலபம்.

கலவை 1:2:4. ஒரு மூட்டை சிமென்ட்டுக்கு 70 லிட்டர் மணல், 140 லிட்டர் முக்கால் ஜல்லி. இதிலேயே டிரம் நிறைந்து கொஞ்சம் மிஞ்சும். கம்பியால் நன்றாகக் குத்தி இறக்குங்கள். ஏழு நாளாவது தண்ணீர் விட்டு ஆற்றுங்கள், அதற்குமுன் தூக்க வேண்டாம்.

மாட்டிய பிறகு, லோயர் லிங்க்கைப் பக்கவாட்டில் ஆடவிடாமல் பிடிக்கும் செக் செயினை இறுக்கி ஆட்டத்தை நிறுத்துங்கள். இணைப்பு கழன்றுவிடாமல் பூட்டும் லின்ச் பின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஹைட்ராலிக் லிவர், வைத்த உயரத்திலேயே நிறுத்தும் பொசிஷன் கண்ட்ரோலில் இருக்கட்டும். டிராஃப்ட் கண்ட்ரோலில் விட்டால் டாப் லிங்க்கில் அழுத்தம் மாறும்போதெல்லாம் வெயிட் தானாக ஏறி இறங்கும். தரையிலிருந்து ஒரு அடி உயரம் போதும். வெயிட் தரையைத் தொட்டபடி இருந்தால் அது இல்லாததற்குச் சமம்.

தண்ணீரும் ஏற்ற விரும்பினால் தாராளமாக ஏற்றுங்கள், கூடுதல் பிடிப்பு கிடைக்கும். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, வால்வு உச்சியில் இருக்கும்படி திருப்பி, வால்வுக்குள் இருக்கும் ஊசியைக் கழற்றி, வாட்டர் அடாப்டர் மூலம் விட வேண்டும். வால்வு மட்டத்துக்குத் தண்ணீர் வந்தால் முக்கால் பங்கு நிறைந்துவிட்டது. 8.3-24 டயருக்கு ஏறக்குறைய 70 முதல் 75 லிட்டர் பிடிக்கும். பிறகு மேலே காற்றடியுங்கள். குளிர் நாடுகளில் உறையாமலிருக்கக் கால்சியம் குளோரைடு கலப்பார்கள். சமவெளியில் நமக்கு அது தேவையில்லை, ரிம்மை அரிப்பதுதான் மிச்சம். பஞ்சர் கடைக்காரர் முகம் சுளிப்பார், அது தவிர்க்க முடியாதது.

முன்டயருக்கு, டயர் பக்கத்தில் எழுதியிருக்கும் அதிகபட்சக் காற்றழுத்தம் வரை அடிக்கலாம். ஓட்டும்போது பக்கெட் முழங்கால் உயரத்துக்குக் கீழேயே இருக்கட்டும், டிரெய்லருக்கு நேரே வந்த பிறகு தூக்குங்கள். சுமையோடு வேகமாக இறக்கி நடுவில் சட்டென்று நிறுத்தாதீர்கள். அந்த ஒரு கணத்தில் 300 கிலோ பல மடங்காக இழுக்கும். பின்பக்கம் எழுவது தெரிந்தால் ஸ்டியரிங்கைத் திருப்பாமல் பக்கெட்டை மெதுவாகத் தரைக்கு இறக்குங்கள்.

சேறு உழவுக்குப் போகும் முன் வெயிட்டையும் டயர்த் தண்ணீரையும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வண்டி புதையும். லோடரைக் கழற்றும் நாளில் அது இறங்கியதும் வெயிட்டையும் அங்கேயே இறக்கிவிட வேண்டும். முன்னால் லோடர் இல்லாமல் பின்னால் 300 கிலோவோடு வரப்பு ஏறினால், முன்சக்கரம் தரையில் நிற்காது, ஸ்டியரிங்கும் கேட்காது.