தானாகப் பிடிக்கும் பிரேக்கும் டாஷ்போர்ட் பிள்ளையாரும்: வாசகர் கேள்வி-பதில்

2020 மார்ச்சில் நின்றுபோன தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டும் கொழும்பு பழைய வண்டிகளைக் கொண்டே சமாளித்தது. தானியங்கிப் பிரேக் சிறிய கார்கள்வரை இறங்கிவந்த 2013, 2014 காலத்து ஜப்பான் வண்டிகள் இன்றும் என் கராஜுக்கு நிறைய வருகின்றன. அவற்றின் முதல் தலைமுறைக் கருவிகளுக்கு இப்போது வயதாகிவிட்டது. இந்தமுறை வந்த கேள்விகளில் பாதி அவற்றைப் பற்றியவை. மீதி, அண்மையில் வாங்கிய வண்டி ஓயாமல் "பீப்" அடிப்பதால் வந்த எரிச்சல்.

கேள்வி: என்னுடையது 2014 வேகன் ஆர். ரேடார் பிரேக் உள்ள வண்டி என்று சொல்லித்தான் விற்றார்கள். போன மாதம் பம்பலப்பிட்டியில் முன்னால் போன முச்சக்கர வண்டியின் பின்புறத்தில் இடித்துவிட்டேன். பிரேக் தானாகப் பிடிக்கவே இல்லை. கருவி பழுதா? வாசலில் காட்போட் பெட்டி வைத்துச் சோதித்துப் பார்க்கலாமா? (வெள்ளவத்தை)

பதில்: எந்த வேகத்தில் இடித்தீர்கள் என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். விடை அங்கேதான் இருக்கிறது.

பெயரில் ரேடார் இருந்தாலும், உங்கள் வண்டியின் முன்கண்ணாடிக்குப் பின்னே இருப்பது, லேசர் கதிரை அனுப்பி அது திரும்பிவரும் நேரத்தை அளக்கும் கருவி. அதற்கு எட்டும் தூரம் குறைவு. மணிக்கு ஏறத்தாழ 5 முதல் 30 கிலோமீற்றர் வரையிலான வேகத்தில்தான் அது வேலை செய்யும். அதற்குள்ளும் ஒரு வரம்பு உண்டு. உங்களுக்கும் முன்வண்டிக்கும் உள்ள வேக வித்தியாசம் 15 கிலோமீற்றருக்குள் இருந்தால் இடிக்காமல் நிற்க வாய்ப்புண்டு. அதைத் தாண்டினால் அடியின் பலத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். காலி வீதியில் நீங்கள் 40இல் போயிருந்தால், கருவி பழுதில்லை. அது அதன் வேலை நேரமே இல்லை.

இன்னொன்று, காரின் அகன்ற பின்புறத்தையும் அதிலுள்ள சிவப்புப் பிரதிபலிப்பான்களையும் எதிர்பார்த்துச் செய்யப்பட்ட கண் அது. முச்சக்கர வண்டியின் குறுகிய முதுகும், பக்கத்து வரிசையிலிருந்து சடாரென்று நுழையும் அதன் பழக்கமும் அந்தக் கண்ணுக்குப் புதிது. இடிபடப்போகிறோம் என்று பதறி நீங்கள் ஸ்டியரிங்கை வெட்டியிருக்கலாம், அல்லது தவறி அக்சிலரேட்டரை மிதித்திருக்கலாம். அப்படிச் செய்தாலும் "சாரதி கையில் எடுத்துக்கொண்டார்" என்று எண்ணிக் கருவி ஒதுங்கிவிடும். அழுக்குக் கண்ணாடி, அடைமழை, நேரே விழும் மாலை வெயில் ஆகியவையும் அதன் பார்வையைக் கெடுக்கும்.

அடுத்த வண்டி வாங்கும்போது "தானியங்கிப் பிரேக் இருக்கிறதா" என்று கேட்காதீர்கள். அது எதைக் கொண்டு பார்க்கிறது என்று கேளுங்கள். 2015இல் வந்த டொயோட்டா சேஃப்டி சென்ஸிலேயே இரண்டு வகை இருந்தன. சிறிய கார்களுக்குப் போனது லேசரும் கமராவும் சேர்ந்தது. பெரியவற்றுக்குப் போனது மில்லிமீற்றர் அலை ரேடாரும் கமராவும் சேர்ந்தது. அது நடந்துபோகும் ஆளையும் கண்டு பிரேக் பிடிக்கும். விற்பவர் இரண்டையும் ஒரே பெயரில்தான் சொல்வார். ஜப்பானில் 2021 நவம்பரிலிருந்து அங்கு தயாராகும் புதிய மாதிரிக் கார்களுக்குத் தானியங்கிப் பிரேக் கட்டாயம். மணிக்கு 30 கிலோமீற்றரில் போகும்போது குறுக்கே நடப்பவரில் மோதாமல் நிற்க வேண்டும் என்பதும் அந்த விதியில் உண்டு. அந்த வகை வண்டியும் உங்கள் வேகன் ஆரும் பெயரளவில்தான் உறவு.

காட்போட் பெட்டிச் சோதனை வேண்டாம். லேசருக்கு அது நல்ல இலக்கே அல்ல; பெட்டி நசுங்குவதால் எதுவும் தெரியவராது. ஒருவர் தம் மைத்துனரை முன்னால் நிற்கவைத்துச் சோதித்த கதையும் என்னிடம் இருக்கிறது. மைத்துனர் சுறுசுறுப்பானவர், தப்பினார்.

கேள்வி: முன்சில்லு பெயரிங் மாற்றிய மறுநாளே ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சில்லு பூட்டாமல் காக்கும் கருவி) விளக்கு எரியத் தொடங்கிவிட்டது. "பிரேக் பிடிக்கிறதுதானே, ஓடுங்கள்" என்கிறார் கராஜ் பாஸ். ஓடலாமா? (மருதானை)

பதில்: மெதுவாக, மழை இல்லாத நாளில், அதே பாஸின் கராஜ் வரைக்கும் ஓடலாம். பல வண்டிகளில் பெயரிங்கின் ஒரு பக்க மூடியிலேயே காந்த வளையம் இருக்கிறது. சில்லின் வேகத்தை அளக்கும் சென்சர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். பெயரிங்கைத் திருப்பிப் போட்டுவிட்டால் காந்தம் மறுபக்கம் போய்விடும், சென்சருக்கு வெறும் இரும்புதான் தெரியும். சில்லு என்னவோ அழகாகத்தான் சுற்றும். போடுவதற்கு முன் ஒரு சிறு ஊசியை வைத்துப் பார்த்தால் காந்தப் பக்கம் எதுவென்று தெரிந்துவிடும். அந்த ஒரு நிமிடத்தை மிச்சம்பிடித்திருக்கிறார் உங்கள் பாஸ். காந்த வளையமே இல்லாத மலிவுப் பெயரிங்கைப் போட்டிருந்தாலும் இதே கதைதான்.

மஞ்சள் ஏ.பி.எஸ். விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் இருக்கும். வழுக்கும் வீதியில் அழுத்திப் பிடித்தால் சில்லு பூட்டிக்கொள்ளும், ஸ்டியரிங் சொல் கேட்காது. அதனோடு சிவப்புப் பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் நிலைமை வேறு. முன்பின் சில்லுகளுக்குப் பிரேக் பலத்தைப் பங்கிடும் வேலையும் நின்றிருக்கலாம், அல்லது பிரேக் எண்ணெய் குறைந்திருக்கலாம். அப்போது ஓட வேண்டாம், ஏற்றிக்கொண்டு போங்கள்.

கேள்வி: பாவித்த 2008ஆம் ஆண்டு ஜப்பான் கார் ஒன்றை வாங்கினேன். காற்றுப்பை வெடித்து உலோகத் துண்டு பாயும் என்று சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். உண்மையா? (கொட்டாஞ்சேனை)

பதில்: உண்மை. தக்காத்தா என்ற ஜப்பான் நிறுவனம் காற்றுப்பையை ஊதச் செய்வதற்கு அமோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. வெப்பமும் ஈரமும் மாறிமாறிப் படும்போது ஆண்டுக்கணக்கில் அந்த மருந்து சீர்கெடுகிறது. பிறகு விபத்தில் அது எரியும்போது அளவுக்கு மீறிய வேகத்தில் எரிந்து, தன் உலோகக் கூட்டையே உடைத்துக்கொண்டு வருகிறது. உலகம் முழுவதும் கோடிக்கணக்கான வண்டிகள் திருப்பி அழைக்கப்பட்டன. 2017 ஜூனில் நிறுவனம் வங்குரோத்தானது. கொழும்பின் காற்றில் ஈரம் குறைந்த மாதம் ஏது? குளிர்நாட்டில் ஓடிய அதே காரை விட இங்கே நிற்கும் காருக்கு ஆபத்து அதிகம்.

உங்கள் வண்டியின் நிலையை அறிய ஒரு சிக்கல் உண்டு. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக் கார்களில் 17 இலக்க எண் கிடையாது. மாதிரிக் குறியும் கோடும் தொடர் எண்ணும் கொண்ட செசி எண்தான் உண்டு. அமெரிக்க இணையத்தளங்களில் அதைத் தட்டினால் "இல்லை" என்று வரும். உடனே நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். தயாரிப்பாளரின் ஜப்பான் தளத்தில்தான் தேட வேண்டும். அங்கே "திருத்தப்படவில்லை" என்று வந்தால், அந்தப் பக்கத்தை அச்சிட்டு உள்ளூர் முகவரிடம் எழுத்தில் கேளுங்கள். முடிவு தெரியும்வரை முன் இடப்பக்க ஆசனத்தில் யாரையும் ஏற்றாதீர்கள்.

கூடவே இதையும் பாருங்கள். சாவியைத் திருப்பியதும் எஸ்.ஆர்.எஸ். என்ற காற்றுப்பை விளக்கு சில வினாடிகள் எரிந்து அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் பழுது. எரியவே இல்லையென்றால் அது இன்னும் மோசம். விபத்தில் வெடித்த பையை மாற்றாமல், விளக்கை மட்டும் அணைத்துவிட்டு ஒரு மூடியைப் போட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். நானே ஒருமுறை ஏமாந்தேன். வாடிக்கையாளருக்காக நல்ல வண்டி என்று பார்த்துக் கொடுத்தேன்; ஸ்டியரிங் மூடியைக் கழற்றியபோது உள்ளே பைக்குப் பதில், பை இருப்பதாகக் கருவியை ஏமாற்றும் பத்துரூபாய் பெறுமதியில்லாத ஒரு ரெசிஸ்டர் இருந்தது. அன்றிலிருந்து நான் விளக்கை நம்புவதில்லை, ஸ்கேனரையும் கண்ணையும் சேர்த்தே நம்புகிறேன். இதே விளக்கு எரிந்து ஹோர்னும் அடிக்காமல் போயிருந்தால், பையே இல்லையென்று பயப்படாதீர்கள்; பெரும்பாலும் ஸ்டியரிங்குக்குள் சுருண்டிருக்கும் கேபிள் அறுந்திருக்கும். ஆனால் அதை மாற்றும்வரை சாரதியின் காற்றுப்பை வேலை செய்யாமல் போகலாம்.

கேள்வி: டாஷ்போர்டில் பித்தளைப் பிள்ளையார் ஒட்டியிருக்கிறேன். எடுக்கச் சொல்கிறான் மகன். சாமி காரியம், தயக்கமாக இருக்கிறது. (வெள்ளவத்தை)

பதில்: எடுக்க வேண்டாம், இடம் மாற்றுங்கள். இடப்பக்கம் டாஷ்போர்டின் மேல் மெல்லிய கோடாக ஒரு மூடி தெரிகிறதா? காற்றுப்பை அதைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வரும், ஏறத்தாழ 30 மில்லிநொடியில். அதன்மேல் உட்கார்ந்திருக்கும் பித்தளை எங்கே போகும் என்று நான் எழுதத் தேவையில்லை. நடுவில், ஏசி வாய்களுக்குக் கீழே ஒரு சிறு படமாக அவர் இருக்கலாம். அந்த இடப்பக்க ஆசனத்தில் பின்னோக்கிய குழந்தை இருக்கையும் ஒருபோதும் வைக்காதீர்கள்.

வாகனப் பூசை செய்விக்கும் மற்றவர்களுக்கும் ஒரு சொல். ஐயரிடம் முன்கூட்டியே சொல்லிச் சந்தனப்பொட்டைக் கண்ணாடியின் கீழ்ப்பக்கம் வைக்கச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் பின்பார்வைக் கண்ணாடிக்கு நேர் முன்னால் வைத்தால் கமராவின் கண்ணில் வைத்தது போல.

கேள்வி: முன்கண்ணாடி உடைந்து மாற்றினேன். அதற்குப் பிறகு கமரா எச்சரிக்கை வந்துவந்து போகிறது. (பொரளை)

பதில்: கமராவைக் கழற்றி மறுபடி மாட்டினால் அதற்கு நேர்ப்பார்வை பழக்க வேண்டும். கோணத்தில் ஒரு பாகை பிசகினாலே 50 மீற்றர் தூரத்தில் கிட்டத்தட்ட ஒரு மீற்றர் விலகிப் பார்க்கும். கண்ணாடி மாற்றியவரிடம் அளவுதிருத்தம் செய்தாரா என்று கேளுங்கள். "அதெல்லாம் தானாகச் சரியாகும்" என்றால் வேறு ஆளைப் பாருங்கள். காப்புறுதியில் மாற்றினீர்களானால் இந்தச் செலவையும் கோரிக்கையில் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: வீதியில் போட்ட கோட்டைத் தாண்டினால் பீப், பீப் என்று காலி வீதியில் தலைவலி. நிறுத்தலாமா? (தெஹிவளை)

பதில்: தாராளமாக. பஸ் ஒதுங்கினால் நாம் கோட்டைத் தாண்டியே ஆகவேண்டிய வீதி அது. அதிவேக நெடுஞ்சாலையில் ஏறும்போது மட்டும் மறக்காமல் போட்டுவிடுங்கள். மாத்தறைக்குப் போகும் வழியில் மதியச் சோறு கண்ணைச் செருகும்போது அந்தப் பீப்தான் பக்கத்து ஆசனத்து மனைவி.

கேள்வி: சமிக்ஞை விளக்கில் எஞ்சின் தானாக நின்று பெற்றோல் மிச்சமாகும் என்றார்கள். இப்போது நிற்பதே இல்லை. (புறக்கோட்டை)

பதில்: ஏசியை முழுதாகப் போட்டுக்கொண்டு நண்பகலில் புறக்கோட்டை நெரிசலில் நின்றால், உள்ளே சூடேறிவிடும் என்று எஞ்சின் தானே நிற்க மறுக்கும். அது பழுதில்லை. காலைக் குளிரிலும் நிற்கவில்லையென்றால் பற்றரியைப் பாருங்கள். இந்த வசதிக்கென்று தனிவகைப் பற்றரி உண்டு; ஜப்பான் வண்டிகளில் எம்-42, கே-42, என்-55 போன்ற குறிகள் அதன் மேல் இருக்கும். விலை கூட என்பதால் யாரோ சாதாரணப் பற்றரியைப் போட்டிருப்பார்கள். மிச்சமாகும் பெற்றோலையும் பற்றரி விலையையும் கூட்டிக்கழித்துப் பார்த்துவிட்டு, வசதியை நிறுத்திவிட்டே ஓட்டும் வாடிக்கையாளர்கள் எனக்கு உண்டு. நான் குறை சொல்வதில்லை.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. ஒழுங்கைக்குள் காரை நிறுத்தும்போது பிரேக் என்று நினைத்து அக்சிலரேட்டரை மிதித்து மதிலில் மோதிவிட்டார். ஓட்ட வேண்டாம் என்றால் கோபிக்கிறார். அவருக்கு ஏற்ற கருவி உண்டா? (தெஹிவளை)

பதில்: உண்டு. ஜப்பானில் முதியவர்கள் இப்படி மிதித்து ஏற்படும் விபத்துகளே இதைப் பெருகவைத்தன. இந்தக் கருவிகள் உள்ள கார்களுக்கு "சப்போக்கார்" என்று தனிப்பெயரே அங்கே உண்டு. 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் அவற்றை வாங்க 2020இல் அரசு மானியமும் கொடுத்தது. நின்ற நிலையில் அல்லது மிக மெதுவாகப் போகும்போது, முன்னால் சில மீற்றருக்குள் தடை இருக்க அக்சிலரேட்டரைப் பலமாக மிதித்தால், எஞ்சினின் வலுவை அது அடக்கிவிடும். டொயோட்டாவில் மீயொலிச் சென்சரோடு வருவது பிரேக்கையும் பிடிக்கும். பின்னோக்கி எடுக்கும்போதும் பார்க்கும். சிறிய பழைய கார்களில் முன்பக்கம் மட்டும்தான். மெல்லிய கம்பம், சங்கிலி, கம்பி வேலி இவற்றைப் பலவேளை அது காண்பதில்லை. கொழும்பு ஒழுங்கைகளில் இம்மூன்றும் தாராளம்.

ஆனால் கார் மாற்றும் முன் அவருடைய காலைப் பாருங்கள். தளர்ந்த செருப்போடு ஓட்டுகிறாரா? கடையில் வாங்கிய கூடுதல் கால்மிதி மிதிகளுக்கு அடியில் நகர்கிறதா? பின்னால் திரும்பிப் பார்க்கும்போது இடுப்போடு சேர்ந்து வலது காலும் நகர்ந்துவிடுகிறதா? மதில் விபத்துகளில் பலவற்றுக்கு இந்த மூன்றாவதுதான் காரணம். பின்கமராவும் உயர்த்திய ஆசனமும் அதற்கு நல்ல மருந்து. கோபத்தைப் பற்றி ஒரு யோசனை: "ஓட்டாதீர்கள்" என்று சொல்லாமல், "இரவிலும் மழையிலும் நான் ஓட்டுகிறேன் அப்பா" என்று சொல்லிப் பாருங்கள். என் தகப்பனாரிடம் அது பலித்தது, ஆறு மாதத்துக்கு.

கேள்வி: காரை இயக்கும்போதெல்லாம் ஒரு பெண் ஜப்பானிய மொழியில் ஏதோ எச்சரிக்கிறாள். பிரேக்கில் ஏதும் கோளாறா? (கொள்ளுப்பிட்டி)

பதில்: "கட்டண அட்டை செருகப்படவில்லை" என்கிறாள் பாவம். ஜப்பான் நெடுஞ்சாலைக் கட்டணக் கருவி அது, இங்கே அதற்கு வேலையில்லை. பெரும்பாலும் டாஷ்போர்டுக்குக் கீழே, கட்டண அட்டை நுழையும் அளவில் ஒரு சிறு பெட்டி இருக்கும். அதன் இணைப்பைக் கழற்றினால் அடங்கிவிடுவாள். நீங்களே கை வைப்பதானால் ஒன்று: மஞ்சள் நிறக் குழாய்க்குள் போகும் வயர் எதையும் தொடாதீர்கள், அது காற்றுப்பைக்குப் போவது.