நாடியிலிருந்து விரலை எடுங்கள்

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 38. கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ஏழு மாதத்துக்கு முன்னால் எதிர்வீட்டு அண்ணன், 46 வயதுதான், மாரடைப்பில் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரத்தில் எனக்கு ஆரம்பித்தது. படுத்தால் நெஞ்சுக்குள் மீன் துள்ளுகிற மாதிரி இருக்கும். அப்புறம் ஒரு நொடி எதுவுமே இருக்காது. உடனே 'டொம்' என்று பலமாக ஒரு அடி. ஐந்து ஈசிஜி, இரண்டு எக்கோ, ஒரு டிரெட்மில் எல்லாம் நார்மல். டிரெட்மில்லில் ஓடும்போது அந்தத் துடிப்பே வரவில்லை என்றார்கள். 24 மணி நேரம் உடம்பில் மாட்டிவைத்து ஈசிஜி பதியும் ஹோல்டரில் மட்டும் 1,04,000 துடிப்பில் 1,240 'விபிசி' என்று வந்தது. டாக்டர் "ஒன்றுமில்லை, டென்ஷன் ஆகாதீர்கள்" என்று மாத்திரைகூடத் தராமல் அனுப்பிவிட்டார். ஒரு ராத்திரி ஆக்ஸிமீட்டரில் நாடி 38 காட்டியது. அலறிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே 78 என்றார்கள். மாமியார் வாயு என்கிறார். கணவர் "சும்மா பயப்படுறே" என்கிறார். நடைப்பயிற்சியை விட்டுவிட்டேன். மாதவிடாய் எப்போதும் அதிகம்தான், ஹீமோகுளோபின் 9.1, அது பழகிவிட்டது. காபியை விடவேண்டுமா? அடுத்த ஈசிஜி எப்போது எடுக்கட்டும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கண்ணில் படாமல் போன ஒரு வரி இரண்டாம் தடவை பட்டது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நீங்கள் இன்று ராத்திரி தூங்கவேண்டும். அதனால் அந்த 'டொம்' என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

இதயத்தின் வலது மேலறையில் சைனஸ் கணு என்று ஒரு சின்ன இடம் இருக்கிறது. எப்போது துடிக்கவேண்டும் என்று தாளம் போடுவது அதுதான். ஆனால் இதயத்தில் வேறு சில இடத்து செல்களுக்கும் தாமாகவே மின்பொறி கிளப்பும் சுபாவம் உண்டு. வகுப்பில் நீங்கள் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுகிற பிள்ளை ஒன்று இருக்குமே, அந்த மாதிரி முந்திரிக்கொட்டை ஒன்று கீழறையிலிருந்து முந்திக்கொண்டு துடித்துவிடுகிறது. அதைத்தான் ரிப்போர்ட்டில் விபிசி என்று எழுதுகிறார்கள். அது வரும் நேரத்தில் இதயத்துக்குள் ரத்தம் சரியாக நிரம்பியிருக்காது. அதனால் அந்தத் துடிப்பில் வெளியேறும் ரத்தம் கொஞ்சம். நாடியில் அது தெரியாமலே போகலாம். அடுத்து முறைப்படி வரவேண்டிய தாளம் வரும்போது இதயத் தசை இன்னும் பழைய நிலைக்குத் திரும்பியிருக்காது, அதனால் அந்த ஒரு முறை தவறிப்போகிறது. சுமார் ஒன்றேகால் நொடி இடைவெளி விழுகிறது. அந்த நேரத்தில் வழக்கத்தைவிட அதிக ரத்தம் உள்ளே வந்து நிரம்புகிறது. அதற்கடுத்த துடிப்பு அவ்வளவையும் சேர்த்துத் தள்ளவேண்டும், ஓங்கித் தள்ளுகிறது. உங்களைத் தூக்கிவாரிப் போடுகிற அந்த 'டொம்' அதுதான். அது உங்கள் இதயத்தின் முறையான துடிப்பு. முந்திரிக்கொட்டை அதற்கு முன்னாலேயே வந்துபோய்விட்டது. இதயம் எந்த இடத்திலும் நின்றுபோகவில்லை.

ராத்திரியில் ஏன் அதிகம் என்றால், படுத்ததும் நாடி நிதானமாகிறது, துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி கூடுகிறது. இடையில் ஒன்று நுழைவதற்கு அது வசதி. வீடும் அமைதியாக இருக்கிறது. இடது பக்கம் சாய்ந்து படுத்தால் இதயம் நெஞ்சுக்கூட்டை ஒட்டி வந்துவிடுவதால் ஒவ்வொரு அடியும் தலையணைவரை கேட்கும். வலது பக்கம் திரும்பிப் படுத்துப் பாருங்கள்.

ஆக்ஸிமீட்டர் 38 காட்டியதும் அலறிக்கொண்டு ஓடியதாக எழுதியிருக்கிறீர்கள். கணக்கு டீச்சர், 38-ஐ இரண்டால் பெருக்கிப் பாருங்கள். 76. சில நேரம் ஒரு துடிப்பு முறையாக, அடுத்தது முந்திக்கொண்டு, மறுபடி முறையாக என்று மாறி மாறி வரும். முந்தி வருகிற துடிப்பில் ரத்தம் கொஞ்சம்தானே, விரல் நுனிவரை அந்த அலை எட்டுவதில்லை. கருவி பாதியைத்தான் எண்ணியிருக்கிறது. கணக்கு ஏறக்குறைய சரியாக வருவதைப் பார்த்தால் அன்றைக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான். (நாடி குறைவதோடு தலைசுற்றலோ மயக்கமோ இருந்தால் அது வேறு விஷயம். அப்போது ஓடத்தான் வேண்டும்.)

1,04,000-இல் 1,240 என்பது 1.2 சதவீதம். பொதுவாக 10 சதவீதத்துக்கு மேல் போனால்தான், நாளாவட்டத்தில் இதயத் தசை தளர்கிறதா என்று நாங்கள் எக்கோ எடுத்துக் கண்காணிப்போம். அந்த நிலைக்கும் மாத்திரை, ரேடியோ அலையால் அந்த இடத்தைச் சுடும் அப்லேஷன் என்று சிகிச்சை உண்டு. நீங்கள் அதற்கு வெகு தூரத்தில் இருக்கிறீர்கள். எக்கோ நார்மல், டிரெட்மில் நார்மல், ஓடும்போது அந்தத் துடிப்புகள் மறைந்துவிட்டன. இதில் கடைசி விஷயம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. உழைப்பில் கூடுகிற விபிசிதான் எங்களை யோசிக்கவைக்கும்.

"மாத்திரைகூடத் தரவில்லை" என்ற உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் அந்த டாக்டர் செய்தது சரி. இதற்குப் பின்னால் மருத்துவ உலகம் கற்ற ஒரு பெரிய பாடம் இருக்கிறது. 1980-களில், மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்கு விபிசி இருந்தால் அதை மாத்திரையால் அடக்கிவிட்டால் சாவு குறையும் என்று நம்பினார்கள். மாத்திரை விபிசியை அடக்கவும் செய்தது. அமெரிக்காவில் அதை முறையாகச் சோதித்து 1991-இல் முடிவை வெளியிட்டபோது, என்கைனைட், ஃபிளெகைனைட் என்ற மாத்திரைகளைச் சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். ஒப்புக்குக் கொடுத்த, மருந்தே இல்லாத மாத்திரையைச் சாப்பிட்ட 743 பேரில் 26 பேர். விபிசி குறைந்தது, சாவு கூடியது. அவர்கள் இதயம் பழுதானவர்கள், உங்களைப் போன்றவர்கள் இல்லை. ஆனாலும் எண்ணிக்கையைக் குறைப்பதற்காக மட்டும் மாத்திரை எழுதக்கூடாது என்பதை அன்றைக்கு நாங்கள் கற்றுக்கொண்டோம். அதற்கு முன்பே 1985-இல் இன்னொரு ஆய்வு வந்திருந்தது. விபிசி நிறைய இருந்தும் இதயம் ஆரோக்கியமாக இருந்த 73 பேரைச் சராசரியாக ஆறரை ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். மற்றவர்களைப் போலவே அவர்களும் வாழ்ந்தார்கள். தொந்தரவு தாங்க முடியாமல் போனால் நாடியை நிதானப்படுத்தும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை குறைந்த அளவில் தருவதுண்டு. அதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்யவேண்டும், ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அது ஆகாது. பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள்.

எதிர்வீட்டு அண்ணனுக்கு வந்தது ரத்தக்குழாய் அடைப்பு. குழாய் வேறு, மின்தாளம் வேறு. உங்களுக்கு வருகிற துள்ளல் மாரடைப்பின் முன்னோட்டம் கிடையாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பார்த்துக்கொள்ளவேண்டியது 38 வயதில் எல்லோருக்கும் உள்ளதுதான்.

சரி, அந்த வரிக்கு வருகிறேன். "ஹீமோகுளோபின் 9.1, அது பழகிவிட்டது." சகோதரி, எனக்கு இது பழகவே மாட்டேன் என்கிறது. உங்கள் வயதில் 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்தது. அத்தனை பேருக்கு இருப்பதாலேயே அது ஒரு நோய் என்ற நினைப்பு நமக்குப் போய்விட்டது. ஐந்து ஈசிஜி எடுத்திருக்கிறீர்கள், இரண்டு எக்கோ எடுத்திருக்கிறீர்கள். மாதாமாதம் போகிற ரத்தத்துக்கு ஒரு தடவைகூட யாரிடமும் போகவில்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஆள் குறைந்தால் இதயம் கூடுதல் நடை நடந்துதான் ஈடுகட்டவேண்டும். அதனால் வேகமாகவும் ஓங்கியும் அடிக்கும், படியேறினால் மூச்சு வாங்கும், படபடப்பு வரும். இந்த நிலையில் சாதாரண விபிசிகூட இரண்டு மடங்காக உறைக்கும். உங்கள் படபடப்பில் ரத்தசோகையின் பங்கு கணிசம் என்றே நினைக்கிறேன்.

இந்த வாரமே மகளிர் நல மருத்துவரிடம் போங்கள். கர்ப்பப்பையில் கட்டி ஏதும் உண்டா என்று ஸ்கேனில் பார்க்கவேண்டும். ரத்தத்தில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டுக்கு டிஎஸ்எச், பொட்டாசியம், மக்னீசியம் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் அனுப்பிய பட்டியலில் தைராய்டு இல்லவே இல்லை. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் படபடப்பு வரும். இரும்புச்சத்து மாத்திரை எழுதினால் காபி, டீயோடு சேர்த்துப் போடாதீர்கள், சத்து உடம்பில் ஒட்டாது. எலுமிச்சை ஜூஸோடு போடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்படவேண்டாம். முருங்கைக்கீரை நல்லதுதான், ஆனால் 9.1-ஐக் கீரையால் மட்டும் தூக்கி நிறுத்த முடியாது.

இனி பயத்தைப் பற்றி. நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது தொடர்ந்து ராத்திரி டியூட்டி பார்த்த ஒரு மாதத்தில் எனக்கும் இதே மீன் துள்ளியது. படித்த படிப்பு எதுவும் உதவவில்லை. வார்டில் நோயாளியிடம் பேசிக்கொண்டே வெள்ளைக் கோட்டுக்குள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன், மதியத்துக்குள் முப்பது தடவைக்கு மேல் நாடி பார்த்திருக்கிறேன். பார்க்கப் பார்க்க அதிகமானது. அது கற்பனையும் இல்லை. பயந்தால் அட்ரினலின் சுரக்கும், அட்ரினலின் சுரந்தால் முந்திரிக்கொட்டைகள் கூடும், கூடினால் பயம் கூடும். உங்கள் கணவர் "சும்மா பயப்படுறே" என்கிறார் அல்லவா? பயமே துடிப்பைக் கூட்டுகிறது, அதனால் அதில் 'சும்மா' என்று எதுவும் இல்லை. இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

எனக்கு உதவியது என் பேராசிரியர் சொன்ன ஒரே ஒரு கட்டளை: நாடியிலிருந்து விரலை எடு. உங்களுக்கும் அதையே சொல்கிறேன். ஆக்ஸிமீட்டரைக் கணவரிடம் கொடுத்துப் பரணில் போடச் சொல்லுங்கள். நாடி பார்ப்பதை ஒரேயடியாக நிறுத்த முடியாது. இந்த வாரம் தினமும் இரண்டே தடவை, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அடுத்த வாரம் தினமும் ஒன்று. அதற்கடுத்த வாரம் வேண்டாம். கை தானாக மணிக்கட்டுக்குப் போகும். போனது தெரிந்ததும் எடுத்துவிடுங்கள், அதற்காக உங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம். ராத்திரி இரண்டு மணிக்கு மொபைலில் தேடுவதற்கும் இதே விதிதான்.

வகுப்பில் துள்ளினால் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும் வரியை முடியுங்கள். உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள், ஐந்தாறு தடவை. இது துடிப்பை நிறுத்துவதற்காக இல்லை. அது வரட்டும், போகட்டும். நீங்கள் வேலையை நிறுத்தாமல் இருக்கப் பழகுவதற்காக.

நடைப்பயிற்சியை விட்டதுதான் எனக்கு வருத்தம். டிரெட்மில்லில் ஓடிக் காட்டிய இதயம் அது. மகாமகக் குளத்தைச் சாயங்காலம் ஒரு சுற்று நிதானமாக நடங்கள். ரத்தம் ஏற ஏறச் சுற்றைக் கூட்டலாம். கணவரும் கூட வரட்டும். "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்று அவர் இருபது தடவை சொல்வதைவிட, "வந்துச்சா? சரி வா, நடப்போம்" என்று ஒரு தடவை சொல்வது நல்லது.

இரண்டு மாதம் இப்படிச் செய்தும் பயம் விடவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். இதற்கென்றே பேச்சுவழிச் சிகிச்சை இருக்கிறது, நன்றாகவே பலன் தருகிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. டெலி மானஸ் 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

காபி: 2023-இல் வந்த ஒரு ஆய்வில் 100 பேரைக் காபி குடித்த நாளிலும் குடிக்காத நாளிலும் கவனித்தார்கள். குடித்த நாளில் சராசரியாக 154 விபிசி, குடிக்காத நாளில் 102. கூடவே குடித்த நாளில் தூக்கம் 36 நிமிடம் குறைந்தது. எனக்கு விபிசியைவிட அந்த 36 நிமிடம்தான் பெரிதாகத் தெரிகிறது. காலை டிகிரி காபியை நிம்மதியாகக் குடியுங்கள். மாலை காபியை இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள். சளிக்குக் கடையில் வாங்கும் சில மாத்திரைகளும் படபடப்பைக் கிளப்பும். வாங்கும்போது மருந்துக் கடைக்காரரிடம் விபிசி இருக்கிறது என்று சொல்லுங்கள்.

மாமியார் சொல்லும் வாயுவையும் முழுக்கத் தள்ளமாட்டேன். வயிறு நிறையச் சாப்பிட்டுப் படுத்தால் பலருக்கு இந்தத் துள்ளல் கூடுவதுண்டு. பெருங்காயம் போட்ட மோர் ஒரு கெடுதலும் செய்யாது. ஆனால் ஒன்று. வீட்டில் யாருக்காவது நெஞ்சை அழுத்துகிற வலி வந்து, வியர்த்து, வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் அதை வாயு என்று சொல்லி ஓமத்தண்ணீர் கொடுத்து உட்காரவைக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். "கேஸ்தான்" என்று காத்திருந்து காலம் கடந்து வந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

துடிப்போடு மயக்கம் வந்தாலும், ஓடும்போதோ படியேறும்போதோ துள்ளல் வந்தாலும், திடீரென்று நாடி வேகமெடுத்து நிமிடக்கணக்கில் அடங்காமல் ஓடினாலும் உடனே போகவேண்டும். ரத்த உறவில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். சின்ன வயதில் மூட்டுவலிக் காய்ச்சல் வந்து மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி போட்டவர்களும் அதை மறக்காமல் சொல்லவேண்டும். இவர்கள் யாரும் மேலே நான் உங்களுக்குச் சொன்னதைத் தங்களுக்கென்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்த ஈசிஜி எப்போது என்று கேட்டிருந்தீர்கள். இப்போது சொன்ன அறிகுறி எதுவும் வராவிட்டால், ஒரு வருடம் கழித்து உங்கள் டாக்டர் சொல்கிறபடி ஒரு எக்கோ, ஒரு ஹோல்டர். அதுவரை வேண்டாம். அந்தப் பணத்தை ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின் 11-ஐத் தாண்டியதும் குளத்தை எத்தனை சுற்று சுற்றுகிறீர்கள் என்று எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.