ரெஃபரன்ஸ் செக், சாமான் பட்டியல் என்று ஏஜெண்ட் பணம் கேட்கிறார், கொடுக்கலாமா?

கேள்வி: லண்டன் ஈஸ்ட்ஹாமில் மாதம் 1,500 பவுண்ட் வாடகைக்கு வீடு பார்த்திருக்கிறோம். வீட்டைப் பிடித்து வைக்க 400 பவுண்ட், ரெஃபரன்ஸ் பார்க்க 120, வீட்டுச் சாமான் பட்டியல் எழுத 90 என்று கேட்கிறார் ஏஜெண்ட். அவரும் தமிழர்தான். "இங்கே இதுதான் வழக்கம்" என்கிறார். இது நியாயமா?

பதில்: நியாயமும் இல்லை, சட்டத்திலும் இடமில்லை. ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது உண்மைதான். 2019 ஜூன் 1 முதல் இங்கிலாந்தில் ரெஃபரன்ஸ், சாமான் பட்டியல், ஒப்பந்தம் எழுதுவது, புதுப்பிப்பது என எதற்கும் குடியிருப்பவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. ஆக, அந்த 120ம் 90ம் கொடுக்கவே வேண்டாம்.

ஏஜெண்டை வேலைக்கு வைத்தவர் வீட்டுக்காரர். நீங்கள் ஒழுங்காக வாடகை கட்டுவீர்களா என்று விசாரிப்பது அவருடைய பாதுகாப்புக்காக. அதற்கான கூலியை அவர்தான் கொடுக்க வேண்டும். 'கட்டணத்தைத் தடுத்தால் வாடகையில் ஏற்றிவிடுவார்கள்' என்று சிலர் சொல்வார்கள். ஏற்றினாலும் பரவாயில்லை என்பேன். வாடகை விளம்பரத்திலேயே தெரியும், நாலு வீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இந்தக் கட்டணங்களோ, வீடு பிடித்துப்போய், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் விசாரித்த பிறகுதான் தலைகாட்டும். அந்த நேரத்தில் யாருக்கு மறுக்க மனம் வரும்?

சரி, அந்த 400 பவுண்ட்? வீட்டைப் பிடித்து வைக்கக் கொடுக்கும் முன்பணத்தை, அதாவது ஹோல்டிங் டெபாசிட்டை, வாங்கலாம், ஆனால் ஒரு வார வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. 1,500ஐ 12ஆல் பெருக்கி 52ஆல் வகுத்தால் 346 பவுண்ட் 15 பென்ஸ். அதற்கு மேல் ஒரு பென்ஸ்கூட அவர் கேட்க முடியாது. ஆனால் இந்தப் பணத்தில் கவனம் வேண்டும். நீங்களாகப் பின்வாங்கினாலோ, சம்பளத்தைப் பற்றித் தவறான தகவல் கொடுத்தாலோ அதை அவர் வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்காரரே மனம் மாறினால் 7 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். நீங்கள் பின்வாங்கினால் பணம் போய்விடலாம் என்பதால், இரண்டு மூன்று வீட்டுக்கு ஒரே நேரத்தில் கட்டி வைக்காதீர்கள். குடிபோகும்போது கேட்கும் டெபாசிட்டும் உங்கள் வாடகைக்கு ஐந்து வாரத்தைத் தாண்டக் கூடாது, அதாவது சுமார் 1,730 பவுண்ட்.

நம்மவர் என்ற தயக்கத்தில் பலர் கேட்காமலே ரொக்கமாகக் கொடுத்துவிடுகிறார்கள். அது எனக்கு மிகவும் வருத்தம். சண்டை போட வேண்டாம். "ஒவ்வொரு தொகையும் எதற்கு என்று மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள், வங்கி வழியாகக் கட்டுகிறேன்" என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் அந்த 210 பவுண்ட் அங்கேயே மறைந்துவிடும்.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால் எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். தரவில்லையென்றால் உங்கள் கவுன்சிலில் (உள்ளாட்சி மன்றத்தில்) வணிக முறைகேடுகளைக் கவனிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் பிரிவில் புகார் கொடுங்கள். முதல் தவறுக்கே 5,000 பவுண்ட் வரை அபராதம் போட அவர்களுக்கு அதிகாரம் உண்டு. தீர்ப்பாயத்தில் நீங்களே விண்ணப்பித்தும் பணத்தை மீட்கலாம். ரசீது, வாட்ஸ்அப் செய்தி எதையும் அழித்துவிடாதீர்கள்.